அழைத்து வந்தவர்களும் கொண்டு போனவர்களும்

சென்ற மாத வாசகர் வட்டக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் தாம் மொழிபெயர்த்த பயணக் கட்டுரை ஒன்றை வாசித்தார். அமெரிக்கத் தம்பதியர் உகாண்டாவுக்குச் சென்று, அக்காளும் தம்பியுமான இரு குழந்தைகளைத் தத்தெடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த கதை. வாசித்து முடித்தபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய எழுத்து தமிழில் ஏன் வருவதில்லை என்று மூத்த அன்பர் ஒருவர் ஆதங்கப்பட்டார். நம் அடுத்த தொகுப்பில் இதையே முதற் கட்டுரையாக வைப்பதென்று அங்கேயே ஏறக்குறைய முடிவும் ஆயிற்று. நாம் மட்டும் மறுத்தோம். மறுப்பைச் சொல்லத் தொடங்கியபோது காபி வந்துவிட்டது, பேச்சு சிதறிவிட்டது. அன்று சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறோம்.

மொழிபெயர்ப்பில் குறை இல்லை. நண்பரின் தமிழ் நல்ல தமிழ். குறை கதையில் இருக்கிறது. அந்தக் கதை நம்மை அழவைத்த விதத்திலும் இருக்கிறது.

இவ்வகைக் கதைகளுக்கு ஓர் அச்சு உண்டு. ஒன்றிரண்டு படித்தவர்களுக்கு மூன்றாவது தானாகவே விளங்கிவிடும். நள்ளிரவில் எண்டெபி விமான நிலையத்தில் இறங்குவார்கள். செம்மண் சாலை, போடா போடா என்னும் இருசக்கர வாடகை வண்டிகள், வாழைத்தார்கள், மழை. கம்பாலாவில் ஒரு விடுதி. நீதிமன்றத் தேதிக்காக வாரக்கணக்கில் காத்திருப்பு. குழந்தை முதல் நாள் அழும். மூன்றாம் நாள் சிரிக்கும். பத்தாம் நாள் 'மம்மி' என்று அழைக்கும். பிறகு தூதரகத்தில் விசா. கடைசியில் அமெரிக்க விமான நிலையத்தில் பலூன்களோடு சுற்றமும் சபையோரும். இந்த அச்சில் பெற்ற தாய்க்கும் ஓரிடம் உண்டு. பெரும்பாலும் அது ஒரு பத்தி. நண்பர் வாசித்த கட்டுரையிலும் ஒரு பத்திதான். நீதிமன்ற வளாகத்தில் அந்தத் தாய் வெள்ளைக்காரத் தம்பதியர் முன் மண்டியிட்டாளாம். அந்த நன்றியின் பாரம் தங்களால் தாங்க முடியாததாக இருந்தது என்று எழுதுகிறார்கள். நம் கூடம் கலங்கியதும் அவ்விடத்தில்தான்.

புகாண்டா நாட்டு வழக்கில் பெண்கள் மண்டியிட்டு வணக்கம் சொல்வார்கள். மூத்தவருக்கும் விருந்தினருக்கும், கணவன் வீட்டாருக்கும்கூட. சிறுமிகளுக்கு நடை பழகும் பருவத்திலேயே இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அது அவ்வூர் வணக்கம். பொங்கலன்று பாட்டியின் காலில் விழும் நம் வீட்டுப் பெண்ணைப் படம் பிடித்து, 'இந்தியச் சிறுமி கிழவியிடம் உயிர்ப்பிச்சை கேட்கிறாள்' என்று ஒருவன் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? அதைத்தான் இந்தக் கட்டுரை செய்திருக்கிறது. வணக்கத்தை நன்றியாகப் படித்திருக்கிறது. அந்த நன்றியைச் சம்மதமாகவும் படித்திருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. உகாண்டாவின் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடப்பது. சிற்றூரிலிருந்து வந்த தாய் பேசுவது லுகாண்டாவோ லுசோகாவோ வேறொரு மொழியோ. இடையில் நின்று மொழிபெயர்ப்பவரைக் கூட்டி வருவது பெரும்பாலும் தத்தெடுப்போர் பணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞர் தரப்பு. மொழிபெயர்ப்பாளராகிய நம் நண்பர் இவ்விடத்தில் கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா?

கட்டுரை அக்குழந்தைகளை 'அநாதைகள்' என்றே சொல்லிச் செல்கிறது. அதே கட்டுரையில்தான் தாய் மண்டியிடுகிறாள். இந்த முரண் கூடத்தில் ஒருவருக்கும் உறுத்தவில்லை என்பதில் நமக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. ஆனால் முரணை மூடி மறைக்க ஒரு கணக்கு இருக்கிறது. யுனிசெப் வரையறைப்படி தாய் தந்தையருள் ஒருவரை இழந்தாலே ஒரு குழந்தை அநாதைக் கணக்கில் சேரும். 2015ஆம் ஆண்டு நிலவரமாக அந்நிறுவனம் தந்த மதிப்பீட்டில் உலகத்தில் அத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ 14 கோடி. அவர்களுள் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. உதவித் திட்டம் வகுப்பதற்காக ஏற்பட்ட கணக்கு அது. கணவனை இழந்த பெண்ணுக்கும் உதவி தேவை என்பதற்காகவே அவள் பிள்ளையும் அதில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கச் சபை மேடைகளில் அந்தப் பெரிய எண் மட்டும் ஒலித்தது. '14 கோடிக் குழந்தைகள் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருக்கின்றன' என்ற பொருளில் ஒலித்தது. தந்தையை இழந்து தாயிடம் வளரும் பிள்ளைகள் நம் தெருவிலும் எத்தனையோ பேர். அவர்களில் யாரை நாம் அநாதை என்கிறோம்?

லுகாண்டா மொழியில் அநாதைக்கு 'முலெக்வா' என்று பெயர். 'விடப்பட்டவர்' என்று பொருள்படும். விடுதல் என்ற வினையின் செயப்பாட்டு வடிவத்திலிருந்து பிறந்த சொல். நம் 'அநாதை' என்ற சொல் நாதன் இல்லாமையைச் சொல்கிறது. அவர்கள் சொல்லோ யாரோ விட்டுப் போனதைச் சொல்கிறது. சாவு அவ்வாறு விட வைத்தது. ஆனால் விடப்பட்டவரை ஏந்திக்கொள்ளவும் அம்மொழி முறை வைத்திருக்கிறது. தந்தையின் தம்பி அங்கே 'இளைய அப்பா'. தாயின் தங்கை 'இளைய அம்மா'. சிற்றப்பன், சின்னம்மா, சித்தி என்று அழைத்து வளர்ந்த தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று ஒரு படி தள்ளிப் போய்விடும். தந்தையின் சகோதரி 'செங்கா'; பெண் பிள்ளைக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுக்கும் உரிமையும் கடமையும் அவளுடையவை. நம் அத்தையைவிடவும் கனமான உறவு. ஒருவர் இறந்தால், துக்கம் முடிக்கும் சடங்கில் அவருக்கு ஒரு வாரிசை அமர்த்துவார்கள். அவ்வாரிசு சொத்துக்கு மட்டும் உரியவர் அல்லர். இறந்தவரின் இடத்தில் நிற்பவர். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலச்சின்னம், தனக்கே உரிய பெயர்கள். பெயரைச் சொன்னாலே எந்தக் குலம் என்று தெரிந்துவிடும். அக்குழந்தையின் பெயரை மாற்றி அமெரிக்கப் பள்ளியில் சேர்க்கிறபோது ஊர்ப் பெயரோடு ஒரு குலமே அழிகிறது. கட்டுரையில் பெயர் மாற்றத்துக்கு ஒரு கொண்டாட்டம் நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். கேக் வெட்டினார்களாம்.

இந்த உறவு வலை பொற்காலக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ரக்காய் மாவட்டத்தில் 1982 வாக்கில் வெளிப்பட்ட எய்ட்ஸ் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போயிற்று. வடக்கே உள்நாட்டுப் போர் இருபது ஆண்டு நீடித்தது. அக்காலத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் பாட்டிமார்கள். 'ஜஜ்ஜா' என்று அழைக்கப்படும் அக்கிழவிகள் ஐந்து பேரையும் எட்டுப் பேரையும் ஒரே குடிசையில் வைத்துக் காப்பாற்றினார்கள். வலை கிழிந்தது உண்மை. அறவே அறுந்து போகவில்லை. பிற்பாடு வந்த குழந்தைகள் இல்லங்கள் அவ்வலையின் ஓட்டைகளை அடைத்ததைவிட அதிலிருந்து பிள்ளைகளை உருவியெடுத்ததே மிகுதி. காரணம் எளிது. உகாண்டாவில் 1997இல் தொடக்கக் கல்வி இலவசமாக்கப்பட்டது; எனினும் சீருடைக்கும் நோட்டுக்கும் மதிய உணவுக்கும் பெற்றோர்தாம் வழி பார்க்க வேண்டும். இல்லத்தில் சேர்த்தால் அதெல்லாம் கிடைக்கும். பாட்டி கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். படிக்கப் போயிருக்கிறான் பேரன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். நம் ஊரிலும் மகனை விடுதியில் சேர்த்த தாய்மார்கள் உண்டு. அவர்கள் யாரும் மகனை விட்டுக்கொடுத்ததாக நினைக்கவில்லை.

இனி, சட்டத்துக்கு வருவோம். கட்டுரை அதை 'ஆப்பிரிக்க அதிகார வர்க்கத்தின் முட்டுக்கட்டை' என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. 1996ஆம் ஆண்டு உகாண்டாவின் குழந்தைகள் சட்டம், தத்தெடுக்க விரும்பும் அயல்நாட்டவர் அந்நாட்டில் மூன்றாண்டுகள் தங்கியிருக்க வேண்டும், அக்குழந்தையை 36 மாதங்கள் வளர்த்திருக்க வேண்டும் என்றது. அதிலுள்ள நியாயம் நம் பாட்டிகளுக்கும் புரியும். குழந்தையின் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள். அதன் உறவினர் யார் யார் என்று பார். ஞாயிற்றுக்கிழமை யார் தேடி வருகிறார்கள் என்று பார். அதன் பிறகு அது உன் பிள்ளையா என்று கேள். அவ்வளவுதான் சட்டம் கேட்டது. ஆனால் அதற்கு ஒரு பக்கவாசல் கண்டுபிடிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தத்துக்கு மனுச் செய்யாமல், 'சட்டபூர்வப் பாதுகாவலர்' என்று உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி விசா. அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு அங்கே ஒரு மாநில நீதிமன்றத்தில் தத்து. மூன்றாண்டு சில வாரங்களாகச் சுருங்கிவிட்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் உகாண்டாவிலிருந்து அமெரிக்கா சென்ற குழந்தைகளில் பெரும்பாலோர் இவ்வழியாகச் சென்றவர்களே.

இந்த இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாயின் காதில் விழுவது 'பாதுகாவலர்': படிக்கவைப்பவர், புரவலர், ஒருநாள் பிள்ளையைப் பட்டதாரியாக ஊருக்கு அனுப்பப் போகிறவர். அவள் வழக்கில் பிள்ளையை வளர்க்கக் கொடுப்பது உண்டு. பிறப்பையே அழித்துக் கொடுப்பது இல்லை. தம்பதியர் மனத்தில் இருப்பது 'தத்து': இனி இவன் எங்கள் மகன், முன்னைக் கதை முடிந்தது. ஒரே காகிதம், ஒரே முத்திரை. கையொப்பமிட்டவள் ஒன்றைக் கொடுத்தாள். வாங்கியவர்கள் வேறொன்றை வாங்கினார்கள். கடன் பத்திரம் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய கதைகள் நம் கிராமங்களில் ஏராளம். அவற்றை எழுதாத தமிழ் எழுத்தாளன் உண்டா? அங்கெல்லாம் நாம் நிலத்தை இழந்தவன் பக்கம் நின்றுதானே படித்தோம்?

ஏதோ ஓரிடத்தில் நடந்த தவற்றைப் பெரிதுபடுத்துகிறோம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்காகச் சிலவற்றைக் குறிக்கிறோம். ஒஹையோ மாநிலத்துத் தம்பதியர் ஒருவர் 2015இல் உகாண்டாவிலிருந்து ஆறு வயதுச் சிறுமியை அழைத்துச் சென்றனர். தந்தை இறந்தார், தாய் கவனிக்கவில்லை என்று காகிதங்கள் கூறின. சிறுமிக்கு ஆங்கிலம் பேச வந்தது. வந்ததும் அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். சோறாக்கிய அம்மா, பள்ளிக்கு அனுப்பிய அம்மா. விசாரித்தபோது, மகள் படிக்கப் போகிறாள் என்றே தாய் நம்பியிருந்தது தெரிந்தது. 2016இல் அத்தம்பதியர் சிறுமியைத் திரும்பக் கொண்டுபோய்த் தாயிடம் சேர்த்தனர். சி.என்.என். 2017இல் இதை வெளியிட்டது. அவர்களுக்குக் குழந்தையை ஏற்பாடு செய்த நிறுவனத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை 2016 டிசம்பரில் மூன்றாண்டுத் தடை விதித்தது. 2020 ஆகஸ்டு 17 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை உகாண்டா நீதிபதிகள் இருவர் மீதும், வழக்கறிஞர் ஒருவர் மீதும், அவர் கணவர் மீதும் பொருளாதாரத் தடை அறிவித்தது. சிற்றூர்ப் பெற்றோரிடம் கம்பாலாவில் படிப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை வாங்கி, அவர்களை இல்லத்தில் வைத்து, வேண்டிய நீதிபதிகளிடம் வழக்கு போய்ச் சேருமாறு கையூட்டுக் கொடுத்தார்கள் என்பது அறிவிப்பில் உள்ள குற்றச்சாட்டு. அந்நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் திட்டங்களைக் கவனித்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் 2021இல் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

சென்னை வாசகருக்கு இது புதிய கதையும் அன்று. 1990களின் இறுதியில் சென்னைக் குடிசைப் பகுதிகளில் காணாமற்போன குழந்தைகள் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பெயர்களோடு வளர்வது 2005இல் தெரியவந்தபோது நாம் கொதித்தோம். அப்போது நமக்குத் தாய்மார்களின் முகம் தெரிந்தது. அவர்கள் பேசிய மொழி நம் மொழி. உகாண்டாத் தாயின் முகம் அமெரிக்கக் கண்ணாடி வழியாக வரும்போது நமக்கு அவள் வெறும் பின்னணி ஆகிவிடுகிறாள். இது நம் வாசிப்பின் கோளாறு.

தத்தெடுத்தவர்களை நாம் கயவர் என்று சொல்லவில்லை. ஒஹையோத் தம்பதியர் தம் செல்லப் பிள்ளையைத் தாமே திரும்பக் கொண்டுபோய் விட்டவர்கள். அந்தத் துணிவு நமக்கு வருமா என்று தெரியாது. பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடு போனார்கள். அவர்களைச் சபை மேடைகள் அனுப்பிவைத்தன. 2009இல் அமெரிக்கத் தெற்கத்திய பாப்டிஸ்டு சபை தத்தெடுப்பை ஊக்குவித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ரஸ்ஸல் மூர் இதைச் சமயக் கடமையாகவே விளக்கி நூல் எழுதினார். இந்த அலையை ஆராய்ந்து கேத்ரின் ஜாய்ஸ் 2013இல் எழுதிய 'தி சைல்ட் கேட்சர்ஸ்' என்ற நூலை நம் நண்பர் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டிருந்தால் நாம் பக்கத்தில் அமர்ந்து பிழை திருத்திக் கொடுத்திருப்போம். நல்லெண்ணம் பெருகிய இடத்தில் பணமும் பெருகியது. பணம் பெருகிய இடத்துக்குப் பிள்ளை பிடிப்பவன் வந்தான்.

பசித்த குழந்தைக்கு இலக்கணம் எதற்கு, சாவதைவிடப் போவது மேலல்லவா என்று கேட்டவர் நம் மதிப்புக்குரியவர். அவர் கேள்வி வலுவானது. உண்மையிலேயே யாருமற்ற குழந்தைகள் உண்டு. மருத்துவமனை வாசலில் விடப்பட்டவர்கள், நோயுற்றவர்கள், தேடியும் உறவு கிடைக்காதவர்கள். உகாண்டாக் குடும்பங்களே அவர்களைத் தத்தெடுக்கின்றன. அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கி முறையாகத் தத்தெடுத்த அயல்நாட்டவரும் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் மூன்றாண்டை ஓராண்டாகக் குறைத்தது. பாதுகாவலர் வழியை அயல்நாட்டவருக்கு அடைத்தது. நாடுகடந்த தத்து கடைசி வழி என்றது. இது கதவடைப்பு ஆகாது. ஓராண்டு அவ்வூரில் இருக்க முடியாதவர் ஒரு வாழ்நாளைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்கிறார் என்பதுதான் விந்தை. மேலும், பசி என்றால் பசியைத்தானே தீர்க்க வேண்டும்? அமெரிக்க அரசு 2015இல் தத்தெடுத்த குழந்தை ஒன்றுக்கு 13,400 டாலர் வரையில் வருமானவரியில் சலுகை கொடுத்தது. அக்காலத்தில் உகாண்டாவின் தலா ஆண்டு வருமானம் ஆயிரம் டாலரைத் தொடவில்லை. பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்தால் கிடைக்கும் அந்தச் சலுகை, தாயிடமே விட்டுப் படிக்கவைத்தால் கிடைக்காது.

நம் மரபிலும் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்றவர்கள் இருக்கிறார்கள். பாரி மாண்ட பின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு போனார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். போன இடமெல்லாம் அவர்களைப் பாரியின் மகளிர் என்று அறிமுகம் செய்தார். இவர் என் மகளிர் என்று சொன்ன இடத்திலும் அவர்கள் பாரியின் மகளிர் என்பதை அவர் மறைக்கவில்லை. சங்கப் பாடல்களில் அப்பெண்களுக்கு வேறு பெயரே இல்லை, பாரி மகளிர்தாம்.

நண்பரின் கட்டுரைத் தலைப்பு 'வீட்டுக்கு அழைத்து வந்தோம்'. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் வகுத்திருப்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யார் எங்கே நின்று பேசுகிறார்கள் என்பதை வினையே காட்டிக்கொடுக்கும் மொழி நம்முடையது. 'வந்தோம்' என்று அமெரிக்கத் தம்பதியர் எழுதலாம். அவர்கள் நிற்கும் இடம் அது. அந்தக் கிராமத்து முற்றத்தில் நிற்பவள் 'கொண்டு போனார்கள்' என்பாள். தமிழ் வாசகன் இரண்டு இடத்திலும் நிற்காதவன். ஆனால் முதல் இடத்தில் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு, அழு என்று சொல்கிறது இந்தக் கட்டுரை.

கட்டுரையில் அமெரிக்க வீட்டு நாயின் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. தாயின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தொகுப்பாசிரியர் குழு இதைச் சேர்த்தே தீருவதென்று முடிவு செய்தால், அந்தப் பெயரைக் கேட்டு மூல ஆசிரியர்களுக்கு நண்பர் ஒரு கடிதம் எழுதட்டும். நீதிமன்ற உத்தரவில் அது இருந்தே ஆக வேண்டும். பதில் வந்த பிறகு மெய்ப்புப் பார்க்க நம்மிடம் அனுப்பலாம்.